முப்பத்து மூன்றாம் வினா

ஒரு மார்ச் மாதம், பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் வினாத்தாளுக்குள் ஒரு கணக்கு குடிவந்தது. அதற்குக் கிடைத்த கதவு எண் முப்பத்து மூன்று. எண்ணுக்குப் பக்கத்தில் ‘கட்டாய வினா’ என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

அந்த இரண்டு சொற்களைப் பார்த்துக் கணக்கு பூரித்துப்போனது. அதன் வம்சத்தில் யாருக்கும் இப்படி வாய்த்ததில்லை. வருடா வருடம் பிள்ளைகள் அவர்களை எட்டிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, சாய்ஸில் விட்டுவிட்டுப் போவார்கள். படிக்கப்படாமலே செத்த வம்சம் அது.

“இந்தத் தடவை யாராலும் என்னைத் தாண்டிப் போக முடியாது” என்றது கணக்கு.

அடுத்த பக்கத்திலிருந்த ஐந்து மார்க் உலோகவியல் வினா சிரித்தது. “வழி தவறி வந்துட்டியா தம்பி? கணிதத் தாள் போன வாரமே முடிஞ்சுது.”

“நானும் வேதியியல்தான். ஒரு பொருள் எவ்வளவு வேகமாக் கரைஞ்சு போகுதுன்னு கேக்கிறேன்.”

“அதை யார் படிக்கிறா? என்னைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாங்க. உன்னை ஒப்பிக்க முடியுமா?”

“ஒப்பிக்க வேண்டாம். ஒரு தடவை படிச்சாப் போதும்.”

பொய்யில்லை. அது பரம சாதுவான கணக்கு. ஒரு பொருள் குறைந்துகொண்டே வருகிறது. பாதி போக எவ்வளவு நேரமோ, மிச்சத்தில் பாதி போகவும் அதே நேரம்தான். முக்கால் பங்கு போக அறுபது நிமிடம் ஆனால், முதல் பாதி போக எவ்வளவு நேரம்? அவ்வளவுதான் கேள்வி. அறுபதை இரண்டாகப் பிரிக்கத் தெரியாத பிள்ளை அந்தத் தேர்வறையில் ஒருவர்கூட இல்லை.

மூன்றாவது பெஞ்சில் இசக்கியம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் கண் முப்பத்து மூன்றில் பட்டது. ‘நிமிடம்’ என்ற சொல்லைப் பார்த்தவுடனே பக்கத்தைப் புரட்டிவிட்டாள். “தாயி, ஒரு தடவை படிச்சிட்டுப் போ” என்று கணக்கு பின்னாலிருந்து கூப்பிட்டது.

அவளைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. அவளுடைய வேதியியல் ஆசிரியர் தேவசகாயம் சார் வருடம் முழுக்கச் சொன்னது இதுதான்: “கணக்கு வந்தா சாய்ஸ்ல விட்டுரு. கட்டாயம்னு வந்துட்டா, கைடுல உள்ள பதினோரு கணக்கையும் எண்ணு மாறாம மனப்பாடம் பண்ணி எழுது. அதுக்கு வெளிய வந்தா எம்பேர மாத்திக்கிடுதேன்.”

பிள்ளைகளும் பதினோரு கணக்கையும் செய்யுள் மாதிரி மனப்பாடம் செய்தார்கள். சார் கெட்டவர் இல்லை. நாலு பேரையாவது கரையேற்ற வேண்டுமே என்ற கவலை அவருக்கு.

தேர்வு முடிய அரை மணி நேரம் இருந்தது. இசக்கியம்மாள் எழுதியதையெல்லாம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பாஸாக இரண்டு மார்க் இடித்தது. வேறு வழியில்லாமல் முப்பத்து மூன்றுக்குத் திரும்பி வந்தாள்.

“வா தாயி, நிதானமாப் படி” என்றது கணக்கு.

இந்த முறை அவள் கடைசிவரை படித்தாள். விடைத்தாளின் ஓரத்தில் சின்னதாக ஒரு வட்டம் போட்டாள். தோசையைப் பிய்ப்பதுபோல நடுவே ஒரு கோடு கிழித்தாள். மிச்சப் பாதியில் இன்னொரு கோடு. பேனா முனை ஒவ்வொரு துண்டாகத் தொட்டது. ஒரு தடவை. இரண்டு தடவை. பிறகு வட்டத்தின் கீழே ‘முப்பது நிமிடம்’ என்று எழுதினாள்.

கணக்கு ஆனந்தத்தில் ஆடிப்போனது. இதற்காகத்தானே அதன் பாட்டன் பூட்டன் எல்லாம் காத்துக் கிடந்தார்கள்!

அந்த நேரம் பார்த்து அவள் நிமிர்ந்தாள். முன் பெஞ்சில் எல்லாரும் மடக்கை அட்டவணை போட்ட லாக் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் வட்டத்தைப் பார்த்தாள். அவர்களைப் பார்த்தாள். கை தானாக உயர்ந்தது.

“மிஸ், லாக் புக்.”

லாக் புத்தகம் வந்து மேசையில் சட்டமாக உட்கார்ந்தது. “மூணு மார்க் கணக்கு, என்னைத் திறக்காமலே முடிஞ்சிடுமா?” என்று கேட்டது.

“உனக்கு இங்க வேலை இல்லை” என்று கெஞ்சியது கணக்கு. “அவ முடிச்சிட்டா. கையெடுத்துக் கும்பிடுறேன், போயிடு.”

இசக்கியம்மாளுக்கு இரண்டு பேச்சும் கேட்கவில்லை. அவள் ஸ்கேலை எடுத்தாள். வட்டத்தின் மேலும் முப்பதின் மேலும் நேராக ஒரு கோடு போட்டு அடித்தாள். பிறகு கண்ணை மூடி உதட்டை அசைத்தாள். கைடின் ஏழாவது கணக்கு கடகடவென்று வந்தது. அதில் எண்பது சதவீதம், நாற்பது நிமிடம்.

“என் நேரம் அறுபது!” என்று கணக்கு அலறியது. “நாற்பது இல்லை தாயி! அது வேற வீடு!”

பேனா ஓடிக்கொண்டே சொன்னது: “என்னைத் திட்டாதே. இதை இந்தக் கை நாற்பது தடவை எழுதியிருக்கு. உன்னை இன்னைக்குத்தான் பாக்குது.”

சூத்திரம் வந்தது. அதன் கீழே படிகள் வரிசையாக இறங்கின. ‘17.2 நிமிடம்’ என்று முடித்து அவள் கட்டம் போட்டாள். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. சரியான விடை அதற்கு மேலே, அடித்த கோட்டுக்கு அடியில் கிடந்தது. அடித்ததை யாரும் திருத்த மாட்டார்கள். அது கணக்குக்கும் தெரியும்.

மணி அடித்தது. விடைத்தாளை வாங்கிக்கொண்டு போனார்கள். வினாத்தாளை இசக்கியம்மாள் நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். மடிப்புக்குள் கணக்கு மூச்சுவிடாமல் கிடந்தது.

வாசலில் அவள் வகுப்புத் தோழி மெர்சி ஓடி வந்தாள். “ஏட்டி, முப்பத்து மூணுக்கு என்ன போட்ட? கைடுல எங்கயுமே இல்லையே!”

“முதல்ல முப்பதுன்னு வந்துச்சு. அடிச்சிட்டேன்.”

“ஏன்?”

இசக்கியம்மாள் அவளை வினோதமாகப் பார்த்தாள்.

“எனக்கே வந்துட்டுல்லா? அது எப்படிட்டி சரியா இருக்கும்?”