இசக்கிமுத்து சாரின் புது பம்ப்

"குருவம்மா! புது பம்ப் போட்டும் வண்டி நிக்குதே, ஏன்?"

போனில் கத்தியவர் இசக்கிமுத்து, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஆலங்குளத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஜெசிந்தாவிடம் ஆறு மாதமாக மெக்கானிக் வேலை கற்கிறார். குருவுக்கு வயது முப்பத்திரண்டு. ஒரு காலத்தில் அந்தக் குருவைப் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்த புண்ணியவானும் இவர்தான்.

"வாரேன் சார்," என்று போனை வைத்தாள்.

மணி ஒன்று. நாலு மணிக்குச் சங்கரன்கோவிலில் பெண்கள் கபடி இறுதிப் போட்டி. ஊர் அணிக்குப் பயிற்சியாளர் சார். ஏறிப்போக இருப்பது அவருடைய பழைய பிக்கப் மட்டும். பீடி சுற்றும் பெண்கள் ஏழு பேர் ஜெர்சி போட்டு வாசலில் தவிக்கிறார்கள். நேரத்துக்குப் போகாவிட்டால் ஆடாமலே தோல்வி.

ஜெசிந்தா ஸ்கூட்டரை நிறுத்தக்கூட விடவில்லை அவர்.

"பம்ப்தான் போச்சுன்னு நானே கண்டுபிடிச்சேன். நானே கழத்துனேன், நானே மாட்டுனேன்! நீங்க சொன்ன மாதிரி டீசல் லைன்ல துளி காத்து இல்லாம எடுத்துட்டேன். ஒரே திருப்பு, பிடிச்சிட்டு! எனக்குத் தலைகால் புரியல. ரெண்டு கிலோமீட்டர் போனதும் விக்கிச்சு, நின்னுட்டு. கொஞ்ச நேரம் கழிச்சுப் பிடிச்சுது, வீட்டு வாசல்ல மறுபடியும் நின்னுட்டு!"

ஜெசிந்தா வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"டேங்க் மூடியைத் திறங்க சார்."

"டீசல் முக்கால் டேங்க் கெடக்கு குருவம்மா."

"திறங்க."

திறந்தார். புஸ்ஸென்று ஒரு சத்தம். டேங்க் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது. சார் பயந்து துள்ளி விலகினார்.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

பிடித்தது. ஐந்து நிமிடம் ஓடியது. பத்து நிமிடம் ஆகியும் நிற்கவில்லை. வாசலில் விசில் பறந்தது. சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு குதி குதித்தார். அறுபது வயதில் அப்படிக் குதிக்கக் கூடாது. ஆனால் சந்தோஷம் வந்தால் வயதை யார் பார்க்கிறார்கள்?

சட்டென்று நின்று கேட்டார். "அப்போ பழைய பம்ப்?"

"அதுக்கு ஒரு கேடும் இல்ல."

அவள் மூடியை நீட்டினாள். அதன் மேல் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். சந்தனத்துக்கு அடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை அடைபட்டுக் கிடந்தது.

"போன வாரம் ஆயுத பூசைக்கு வச்சது," என்றார் சார். குரல் இறங்கிவிட்டது. "ஒரு இடம் விடாம வச்சேன். வண்டி மேல அவ்வளவு பிரியம்."

"டீசல் வெளிய போகப் போக அது வழியாத்தான் காத்து உள்ள வரணும். நீங்க பிரியமாத்தான் வச்சீங்க சார். அதுக்கு மூச்சு முட்டிட்டு."

துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். சார் சந்தனத்தைக் குத்தி எடுத்தார், ஊதிப் பார்த்தார், மூடியை மாட்டினார்.

பெண்கள் பின்னால் ஏறிக்கொண்டார்கள், சார் ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்தார். அணித் தலைவி மூக்கம்மா ஜன்னலைத் தட்டினாள்.

"சார், இன்னைக்கு முதல்ல யாரு பாடிப் போகணும்?"

இந்தக் கேள்விக்குத்தான் அவர் எப்போதும் காத்திருப்பார். யார் பாடிப் போவது, யார் காலைப் பிடிப்பது, எந்த மூலையில் யார் நிற்பது என்று மைதானம் வரும்வரை சொல்லிக்கொண்டே போவார். ஆட்டம் தொடங்கிய பிறகும் கோட்டுக்கு வெளியே நின்று அடிக்கு அடி கத்துவார். பிள்ளைகள் மேல் உயிர் அவருக்கு.

வாயைத் திறந்தவரின் கண், கையிலிருந்த ஊக்கின் நுனியில் ஒட்டியிருந்த சந்தனத்தில் விழுந்தது.

"நீங்களே பேசி முடிவு பண்ணுங்கத்தா," என்றார். "நான் வண்டி ஓட்டுதேன்."