ஏழாவது பைசா

இதைச் சொல்ல இப்போதும் எனக்கு நாக்கூசுகிறது. அணா போய் நயா பைசா வந்த வருஷம் அது. ஓரணாவுக்கு ஆறு பைசா என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. தென்காசியில் என் ஓட்டலுக்குச் சாமான் கொண்டுவருகிறவர்களுக்கு ஆறுதான் கொடுப்பேன். சாப்பிட வருகிறவர்களிடம் ஏழு வாங்குவேன். யாராவது கேட்டால், "சட்டம் தெரிஞ்சவன் நானா, நீயா?" என்று வாயை அடைப்பேன்.

ஒருநாள் இலைக்காரி உலகம்மாள் ஓரணா இலைக்கட்டைக் கொல்லைப்பக்கம் இறக்கினாள். ஆறு பைசா கொடுத்தேன். அவள் முன்பக்கம் வந்து ஓரணா தோசை தின்றுவிட்டு, அதே ஆறு காசைக் கல்லாமேல் வைத்தாள்.

"இன்னும் ஒரு பைசா வைக்காம நீ வெளியே போக முடியாது!" என்று கத்தினேன்.

அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"அண்ணாச்சி, ஓரணான்னு சொல்லி இப்பத்தான் நீங்க கொடுத்த காசு இது. கொல்லையிலருந்து கல்லாவுக்கு வர்றதுக்குள்ள தேஞ்சா போச்சு?"

கடையே சிரித்தது. முதலில் தபால்காரர் கை நீட்டினார். பிறகு பெஞ்சு பெஞ்சாகக் கைகள் நீண்டன. தலை நிமிராமல் ஆளுக்கொரு பைசா திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் இலைக்கட்டுக்கு நானாகவே உலகம்மாளிடம் ஏழு பைசா நீட்டினேன்.

அவள் ஒன்றை எடுத்து என் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"ஓரணாவுக்கு ஆறுதான் அண்ணாச்சி."