மேல்வீட்டு உரல்

தோழர் அரியகுட்டி அறுபது துண்டுப்பிரசுரம் எழுதியவர். யாழ்ப்பாணத்தில் எழுதி அடி வாங்கினார். கொழும்பில் எழுதி மறியலில் கம்பி எண்ணினார். இப்போது மெல்பேணில் எழுதுகிறார். யாரும் அடிப்பதுமில்லை, வாசிப்பதுமில்லை. அந்தக் கசப்பு அவருக்கு உண்டு.

கையில் இருந்தது அறுபத்தோராவது. தலைப்பு, ‘சூடான் அகதிகளை வரவேற்போம்’. அதை எழுதவிடாமல் கெடுத்துக்கொண்டிருந்தது, மேல்மாடிக்குக் குடிவந்த சூடான் அகதிக் குடும்பம்.

அகதிகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கும் குலநாயகி ரீச்சரிடம் போனார். ரீச்சர் பதின்மூன்று வயது இளையவர். ஆனாலும், வந்தவர்களுக்கு உதவும் வேலையைத் தோழர் அவரிடம்தான் பழகிக்கொண்டிருந்தார்.

“ரீச்சர், ஒரு கொள்கைப் பிரச்சினை. அகதிகளின்ரை பக்கம் நிண்டுகொண்டு, ஒரு அகதிக்கு எதிரா முறைப்பாடு எழுதலாமோ?”

“எத்தினை எழுதிட்டீங்கள்?”

“ரெண்டு. மூண்டாவது எழுதி வைச்சிருக்கிறன்.”

மூன்றாவது போனால் அரசாங்க வீடமைப்புக் கந்தோர் அந்தக் குடும்பத்தை வெளியேற்றிவிடும். ரீச்சருக்கு அது நன்றாகத் தெரியும். முதலிரண்டுக்கும் அவர்களுக்காகப் பதில் எழுதிக் கொடுத்தவரே அவர்தான். முறைப்பாட்டுக்காரர் யாரென்று கந்தோர் சொல்வதில்லை.

“என்ன குற்றம்?”

“பின்னேரம் நாலு மணிக்கு உரல் இடிக்கினம். ஒவ்வொரு நாளும்.”

“நீங்கள் என்ன செய்வீங்கள்?”

“கூட்டுற தும்புத்தடியாலை மேலை முகட்டிலை இடிப்பன்.”

“நிக்குமோ?”

“உடனை நிக்கும். ஒரு மணித்தியாலம் மூச்சுப்பேச்சில்லை. பிறகு முந்தினதைவிடப் பலமா இடிக்கினம். இது திமிர் இல்லாமல் வேறென்ன?”

ரீச்சர் சிரிப்பு வெளியே வராமல் வாயைப் பொத்திக்கொண்டார். “நாளைக்கு வாறன்,” என்றார்.

மறுநாள் நாலு மணி. தோழர் சாரத்தோடு, வெறும் மேலோடு எழுதிக்கொண்டிருந்தார். ரீச்சர் பக்கத்தில் இருந்தார். மேலே உரல் தொடங்கியது. டொங், டொங், டக். தோழர் தும்புத்தடியை எடுத்து மூன்று முறை இடித்தார். உரல் நின்றது.

“பாத்தீங்களோ,” என்றார், கொஞ்சம் வெற்றியோடு.

“சட்டையைப் போடுங்கோ, தோழர்.”

கந்தோருக்குத்தான் கூட்டிப்போகிறார் என்று நினைத்தார். சட்டையை மாட்டி, மூன்றாவது முறைப்பாட்டுக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டார். வெளியே வந்த ரீச்சர் படி இறங்கவில்லை. ஏறினார்.

மேல்வீட்டுக் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. அவாதியா என்ற அந்தப் பெண் ரீச்சரைப் பார்த்துச் சிரித்தாள். தோழரைப் பார்த்ததும் இடுப்பில் கையை வைத்தாள். உள்ளே அவளும் மகளும்தான். கோப்பியும் இஞ்சியும் மணத்தன. தட்டில் கோப்பைகள் மூன்று.

“கீழ்வீட்டுக்காரர் நீங்கள்தானே?” என்று ரீச்சரிடம் படித்த ஆங்கிலத்தில் கேட்டாள். “எங்கள் தெருவில் கோப்பிக்கொட்டை இடித்தால், அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுகிறோம் என்று அர்த்தம். நான் இடிக்கிறேன். வருகிறேன் என்று நீங்கள் தட்டுகிறீர்கள். ஊற்றி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருக்கிறேன். வருவதில்லை. பாவம், காது மந்தமாக்கும் என்று இன்னும் பலமாக இடிக்கிறேன். அப்போதும் வருகிறேன் என்று தட்டுகிறீர்கள். எட்டு வாரமாக ஒரு மனிதர் இப்படிப் பொய் சொல்லலாமா?”

அறுபது பிரசுரம் எழுதியவர் தட்டில் இருந்த மூன்றாவது கோப்பையைப் பார்த்தார்.

கோப்பிக் குடுவை கொதித்தது. மேசையோ யாரோ கொடுத்த நல்ல மேசை. சூடான குடுவைக்கு அடியில் வைக்க ஏதாவது இருக்கிறதா என்று அவாதியா சுற்றுமுற்றும் பார்த்தாள். தோழர் சட்டைப்பையைத் தடவினார். கடிதத்தை எடுத்து, நாலாக மடித்து நீட்டினார்.

மூன்று கோப்பை குடித்தார். இஞ்சி கொஞ்சம் கூடிப்போச்சு என்று குறையும் சொன்னார்.

அடுத்த நாள் நாலு மணிக்கு உரல் தொடங்கியது. தும்புத்தடியை ஒரு கையிலும் தொலைபேசியை மறுகையிலும் பிடித்துக்கொண்டு தோழர் ரீச்சரை அழைத்தார்.

“ரீச்சர், மேலை துவங்கிட்டினம். நான் தட்டலாமோ?”

“தட்டுங்கோ. சட்டையைப் போட்டிட்டுத் தட்டுங்கோ.”