மெழுகு இறுகும் நேரம்

பல் மருத்துவக் கல்லூரியில் முதலாமாண்டில் தவறிவிட்டாள் பிரிசில்லா. மறுதேர்வு நாளைக் காலை. இதிலும் போய்விட்டால் கூடப் படித்தவர்கள் மேலே போய்விடுவார்கள். அவள் புதிதாக வருகிறவர்களோடு உட்கார வேண்டும்.

மூன்று நாளாக அவள் சரியாகத் தூங்கவில்லை. ஃபிளாஸ்க் நிறையக் காப்பியை வைத்துக்கொண்டு படித்தாள். நெஞ்சு படபடத்தது. அன்று காலை அறைத் தோழி ஒரு பல்லின் மாதிரியைக் காட்டிப் பெயர் கேட்டாள். அது புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. பெயர் வரவில்லை.

மதியம் ஆய்வகத்துக்குப் போனாள். பல்லமைப்புப் பாடம் எடுக்கும் தில்ஷாத் மேடம் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், தூக்கம் வராம இருக்கக் காப்பியைவிடப் பலமா ஏதாவது இருக்கா?"

"இன்னிக்கு எத்தனை ஆச்சு?"

"ஆறு."

"கையை நீட்டு."

நீட்டினாள். விரல்கள் நடுங்கின.

"இந்தக் கையோட என் பல்லைத் தொட வந்தேன்னு வை, நாற்காலியோட எழுந்து ஓடிருவேன்."

பிரிசில்லா சிரிக்கப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"சரி, உட்காரு. ஒரு கடைவாய்ப் பல் செஞ்சு கொடு. அப்புறம் சொல்றேன்."

"இன்னும் நாலு பாடம் கிடக்கு மேடம்."

"உட்காரும்மா."

ஸ்பிரிட் விளக்கில் மெழுகை உருக்கி, கருவியின் முனையில் எடுத்து, சொட்டுச் சொட்டாக வைத்துப் பல்லை எழுப்ப வேண்டும். பிரிசில்லா கடகடவென்று வைத்தாள். ஒவ்வொரு சொட்டும் அடியில் இருந்ததை இளக்கியது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் சேர்ந்து தட்டையாக வழிந்தது.

"மெழுகு பத்தலை மேடம்."

"எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டாள். அதுவும் வழிந்தது.

"இன்னும் கொஞ்சம் சூடு வேணுமோ என்னவோ."

மேடம் அவள் கையிலிருந்த கருவியை வாங்கினார். வழிந்ததைச் சுரண்டி எடுத்தார். "நாலே சொட்டு வை" என்றார். அவள் வைத்ததும் விளக்கை மூடி அணைத்தார்.

"இறுகட்டும்."

"அதுவரைக்கும் நான் என்ன செய்ய?"

"பார்த்துக்கிட்டு இரு."

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் எப்போது மேஜைமேல் தலையைச் சாய்த்தாள் என்று அவளுக்கே தெரியாது.

விழித்தபோது ஜன்னல் வெயில் சுவருக்கு ஏறியிருந்தது. மின்விசிறியை யாரோ அவள் பக்கம் திருப்பியிருந்தார்கள். மேடம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். பிரிசில்லா கடிகாரத்தைப் பார்த்துத் துள்ளி எழுந்தாள்.

"எழுப்பியிருக்கலாமே மேடம்! ஒண்ணரை மணி நேரம் வீணாப் போச்சே!"

மேடம் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அந்த மெழுகைத் தொட்டுப் பார்த்துட்டுச் சொல்லும்மா, வீணாப் போச்சான்னு."