பெருச்சாளி ஏன் சொல்லாமல் ஓடுகிறது

அந்தக் காலத்தில் பெருச்சாளிக்குப் பேச்சு இருந்தது. நிலத்தைச் சுமந்திருந்த கிழட்டு ஆமை, முதுகு வலித்துப் புரண்டு படுக்கும் முன் அதைத்தான் மேலே அனுப்பும். மனிதர்களிடம் சொல்லிவிட்டு வரச் சொல்லும்.

ஆற்றின் மேல்கரையில் ஓர் ஊர், கீழ்கரையில் ஓர் ஊர். இரண்டிலும் வீடு கட்டும் முறை ஒன்றுதான். சுவரின் நடுவே நான்கு பக்கமும் சுற்றி ஒரு மரச்சட்டம் வைப்பார்கள். நிலம் ஆடினால் சுவர்கள் பிரியாமல் அது பிடித்துக்கொள்ளும்.

அந்த ஐப்பசியில் மழை விடவேயில்லை. பெருச்சாளி முதலில் கீழ்கரைக்கு வந்து, வெள்ளத்தாயி வீட்டு வாசலில் நின்றது. உள்ளே அவளுடைய மகள் காய்ச்சலில் கிடந்தாள்.

"மூன்று நாளைக்குள் ஆமை புரளும். வெளியே வந்துவிடு."

"எங்கே வர? இந்த மழையில் மூன்று நாள் இவள் தாங்குவாளா?"

"சட்டம் இருந்தால் உள்ளேயே இருக்கலாம்" என்று பெருச்சாளி சுவரைப் பார்த்தது. சட்டம் இருந்த இடத்தில் மண் அப்பியிருந்தது.

"காய்ந்த விறகு கிடைக்கவில்லை. போன வாரம் உருவிக் கஞ்சி காய்ச்சிவிட்டேன். ஊரில் பாதி வீட்டில் அதுதான் கதை. திட்டுவதென்றால் திட்டிவிட்டுப் போம், பெருச்சாளியாரே. உம்முடைய வளைக்குள் நீர் அடுப்பு மூட்டுகிறவர் இல்லை."

பெருச்சாளி திட்டவில்லை. பெருக்கெடுத்த ஆற்றை நீந்தி மேல்கரைக்குப் போனது. ஊர்த்தலைவர் ஆளவந்தாரின் கொட்டகையில் வேங்கை மரம் கூரை வரை அடுக்கியிருந்தது.

"ஆமை புரளப்போகிறது, கீழ்கரையில் பாதி வீட்டில் சட்டம் இல்லை. கொஞ்சம் மரம் கொடுங்கள், ஐயா. இன்றே வேண்டும்."

ஆளவந்தார் கெட்டவர் இல்லை. உண்மையாகவே யோசித்தார்.

"இழவு வீட்டுக்கு விறகு அனுப்புவது நம் வழக்கம். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. உயிரோடு இருக்கிற வீட்டுக்குச் சட்டம் அனுப்பிப் பழக்கமில்லையே. அப்படி ஏதாவது ஆகிவிட்டால் முதல் படகு என்னுடையதுதான், கவலைப்படாதே."

இரண்டாம் நாள் நண்பகலில் ஆமை புரண்டது. மேல்கரையில் சுவர்களில் கீறல் விழுந்தது; ஒரு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. கீழ்கரையில் பாதி ஊர் இல்லை. மகளை மடியில் கிடத்தியபடியே வெள்ளத்தாயி சுவருக்கு அடியில் கிடந்தாள்.

மாலையில் படகு வந்தது. ஆளவந்தார் சொன்ன சொல் தவறவில்லை. நல்ல வேங்கை, நீளநீளமாக. மழை விட்டிருந்தது. சிதைக்கு அடங்கும்படி அதைத் துண்டுதுண்டாக வெட்டினார்கள்.

பெருச்சாளி கீழே இறங்கிப் போனது.

"இரண்டு கரைக்கும் ஒரே மாதிரிதானே புரண்டேன்?" என்று ஆமை கேட்டது.

"ஒரே மாதிரிதான்."

"பிறகு ஏன் ஒரு கரையில் கீறல், மறு கரையில் பிணம்? நீ சரியாகச் சொல்லவில்லையா?"

சரியாகத்தான் சொன்னது. ஆளவந்தாரிடம் இன்னும் ஒரு தடவை கெஞ்சியிருக்கலாமோ? அந்தப் பெண்ணிடம் சொல்லாமலே இருந்திருந்தால், இரண்டு நாள் பயமில்லாமலாவது இருந்திருப்பாளோ? பெருச்சாளி பதில் சொல்ல வாயைத் திறந்தது, சொல் வரவில்லை.

அன்று முதல்தான், நிலம் நடுங்கும் முன் பெருச்சாளிகள் வளையைவிட்டு வெளியே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், ஒன்றும் சொல்லாமல் ஓடுகின்றன.