மேல்தளத்தில் நாற்பது பேர்

சனிக்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, முப்பத்தொன்பதாவது ஆளை நிற்க வைத்துவிட்டு, பெலிக்ஸ் மச்சாது மூச்சை விட்டார்.

ஆள் என்றால் இரண்டரை மில்லிமீட்டர். எள்ளைவிடச் சின்னது. எழுநூறில் ஒரு பங்காகச் சுருக்கிய போர்க்கப்பலில் மனிதனுக்கு அவ்வளவுதான் உயரம். மூச்சுக்காற்று பட்டால் பறந்துபோகும். அதனால் ஒவ்வொருவரையும் ஒட்டி, பசை இறுகும்வரை மச்சாது மூச்சைப் பிடித்துக்கொண்டே இருப்பார்.

இடம், தூத்துக்குடியில் பல்செட் செய்யும் ஒரு சிறிய லேப். நடத்துபவர் ஜெபக்கனி, வயது முப்பத்தாறு. வாரநாட்களில் ஊரார் வாய்க்குப் பல் செய்வார். சனிக்கிழமைகளில் அதே மேசையில், அதே ஊசிகளையும் இடுக்கிகளையும் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் கப்பல் செய்வார்.

மச்சாதுவுக்கு அறுபத்திரண்டு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கடைவாய்ப் பல்லுக்கு அளவு கொடுக்க வந்தவர், கண்ணாடி அலமாரியில் நின்ற கப்பல்களைப் பார்த்து வந்த வேலையை மறந்துவிட்டார். "இதை எனக்குச் சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டார். தன்னைவிட இருபத்தாறு வயது இளையவரை அன்றிலிருந்து டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். பல் இன்னும் கட்டவில்லை.

அவர் தேர்ந்தெடுத்த கப்பல் வஜ்ரகேது. அவருடைய ஒரே மகன் லெஸ்லி வேலை பார்க்கும் கடற்படைக் கப்பல்.

ஆறு மாதமாகச் செய்கிறார். பெட்டியில் வந்த பாகங்களை ஒட்டுவது ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. மிச்சம் முழுக்க நுணுக்க வேலை. தலைமுடி கனத்தில் பித்தளைக் கைப்பிடிக் கம்பிகள். கொசு இறகு போன்ற ரேடார் வலை. பிளாஸ்டிக் துண்டை மெழுகுவத்தியில் காட்டி, உருகும் நேரம் பார்த்து இரு பக்கமும் இழுத்தால் வரும் நூலில் ஏரியல் கம்பி. முதல் மாதம் அவர் இழுத்த நூலெல்லாம் அறுந்தது. "கிரேன்ல இருபது டன்னு தூக்குன கை டீச்சர், இதைத் தூக்க மாட்டேங்கு" என்பார். "இருபது டன்னை மெஷினுல்ல தூக்குச்சு" என்பார் ஜெபக்கனி.

அன்று அவர் அந்த மாதிரி எதுவும் பேசவில்லை. வந்ததும் ஒரு கேக் டப்பாவை மேசையில் வைத்துத் திறந்தார். பலகையோடு கப்பலை வெளியே எடுத்து வைத்தார். கப்பலைச் சுற்றிக் கடலும் இருந்தது.

ஜெபக்கனி கடலைப் பார்த்தார். அது அவர் சொல்லிக்கொடுக்காத பாடம்.

செவ்வாய்க்கிழமை லெஸ்லி போனில் பேசினான். நாளைக்குக் கிளம்புகிறோம் என்றான். மறுநாள், அந்தமானுக்குத் தெற்கே ஒரு புயல் எதிர்பாராமல் திசை திரும்பியது. நடுக்கடலில் சிக்கிய ஒரு சரக்குக் கப்பல் உதவி கேட்டது. அதை நோக்கி வஜ்ரகேது போயிருப்பதாக டிவியில் சொன்னார்கள். அதற்குப் பிறகு டிவியில் புயலைக் காட்டினார்கள். கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்த மூன்று நாளில் மச்சாது வீட்டில் உட்கார்ந்து கடல் செய்தார். பிறகு ஆட்களை ஒட்ட ஆரம்பித்தார். முடியாத மிச்சத்தை இங்கே கொண்டுவந்திருந்தார். போனையும் கொண்டுவந்து, கைக்கெட்டும் தூரத்தில், திரை மேலே தெரியும்படி வைத்திருந்தார்.

"டீச்சர்" என்றார் இப்போது. "இன்னும் என்ன சேர்க்கணும்? பார்த்துச் சொல்லுங்க."

ஜெபக்கனி பூதக்கண்ணாடியை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறக்கினார். வெகுநேரம் பார்த்தார்.

"கம்பியெல்லாம் நேரா நிக்கி. கை நல்லா வந்துட்டு, அண்ணாச்சி."

"பெறகு?"

"கடல் எதுல செஞ்சீங்க?"

"நீங்க குடுத்த பிளாஸ்டர்தான். பல்லு அச்சு எடுக்கது."

"அலை எத்தனை மீட்டர்?"

"எட்டுன்னு டிவில சொன்னான்."

ஜெபக்கனி பல்லை அளக்கும் காலிப்பரை எடுத்து அலையின் மேல் வைத்து அளந்தார். "பதினொண்ணரை மில்லி. கணக்கு சரிதான்."

மச்சாதுவின் முகத்தில் லேசாக ஒரு தெளிவு வந்தது. அது நிற்பதற்குள் ஜெபக்கனி கேட்டார்.

"இந்த அலையில இவங்கள்லாம் மேல நின்னு என்ன செய்யுதாங்க?"

மேல்தளத்தின் இரு ஓரத்திலும் வரிசையாக, வெள்ளைச் சட்டையில், முப்பத்தொன்பது பேர் நின்றார்கள்.

"நிக்காங்க" என்றார் மச்சாது.

"எதுக்கு?"

"ஊருக்கு வாராங்க. கப்பல் உள்ள வரும்போது இப்படித்தான் வரிசையா நிப்பாங்க. கிரேன் மேல இருந்து முப்பது வருசம் பார்த்திருக்கேன்."

"துறைமுகத்துக்குள்ள எட்டு மீட்டர் அலையா?"

மச்சாது தூரிகையை மேசையில் போட்டார். போட்ட வேகத்தில் அது உருண்டு தரையில் விழுந்தது.

"டீச்சர், நீங்க கப்பல்ல கால் வச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"கடல்ல?"

"பீச்சுல, முட்டி வரைக்கும்."

"பெறகு என்ன பேசுதீங்க?"

"தெரியாமத்தான் கேக்கேன். தெரிஞ்சவங்க சொல்லுங்க."

போன் அடித்தது. மச்சாதுவின் விரல்களில் பசை இருந்தது. முழங்கையால் போனை நகர்த்தினார். ஜெபக்கனி ஸ்பீக்கரில் போட்டார். மச்சாதுவின் மனைவி ரெஜினா. பின்னால் மாதா கோயில் மணி கேட்டது.

"ஏதும் தெரிஞ்சுதா?"

"இல்ல. உனக்கு?"

"நேவில குடுத்த அந்த நம்பருக்கு அடிச்சேன். விவரம் வந்ததும் சொல்லுதோம்னு சொன்னான். காலையில சொன்ன அதே ஆளு, அதே வார்த்தை."

"ம்."

"நீங்க இன்னும் அந்தப் பொம்மையத்தான் ஒட்டிக்கிட்டு இருக்கீங்களா?"

"ஆமா."

பின்னால் மணி அடித்து ஓய்ந்தது.

"ஒட்டுங்க" என்று சொல்லி ரெஜினா போனை வைத்தார்.

மச்சாது குனிந்து தூரிகையை எடுத்தார். எழுந்தபோது குரல் தணிந்திருந்தது.

"நாப்பது பேரு, டீச்சர். ஒருத்தன்தான் பாக்கி. எல்லாரையும் மேல நிக்க வச்சுட்டா எல்லாரும் வந்துருவாங்கன்னு மனசுல ஒரு கணக்கு. பைத்தாரத்தனம்தான். ஆனா வச்சுட்டேன்."

ஜெபக்கனி சிரிக்கவில்லை. அலமாரியைத் திறந்து புதிய பல்செட் டப்பா ஒன்றை எடுத்தார். நீல நிறம். ஈரப்பஞ்சால் துடைத்து, மூடியைத் திறந்து கப்பலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதுதான் கப்பலுக்கு உள்பக்கம். இந்தக் காத்துல மேல ஒருத்தரும் நிக்கக் கூடாது. எல்லாரையும் உள்ள கூட்டிட்டு வாங்க."

"ஒட்டியாச்சே."

"பேர்த்துத்தான் எடுக்கணும்."

"கால் ஒடிஞ்சிரும்."

"மெதுவா."

"எடுக்கும்போது கை தவறிக் கடல்ல விழுந்தா?"

"நிக்க வைக்கும்போது இந்தப் பயம் வரலியே, அண்ணாச்சி."

மச்சாது அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கத்தியை எடுத்தார்.

முதல் ஆளின் காலுக்கடியில் கத்தி முனையை நுழைக்க ஐந்து நிமிடம் ஆனது. பசை லேசாக நொறுங்கும் சத்தம் காதுக்குக் கேட்காது, விரலுக்குத்தான் தெரியும். தூரிகை நுனியை நாக்கில் வைத்து ஈரமாக்கி, ஆளை அதில் ஒட்டவைத்துத் தூக்கி, டப்பாவுக்குள் இறக்கினார். கம்பியில் இடிக்கக் கூடாது. ஏரியல் நூலில் மாட்டக் கூடாது. மின்விசிறியை ஜெபக்கனி எழுந்துபோய் நிறுத்திவிட்டு வந்தார். மச்சாதுவின் புருவத்திலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. அவர் துடைக்கவில்லை.

பதினேழாவது ஆள் தூரிகையிலிருந்து நழுவினான்.

கம்பிக்கு வெளியே விழுந்தான். இரண்டு அலைகளுக்கு நடுவிலிருந்த பள்ளத்தில் போய்க் கிடந்தான். பச்சை தீட்டிய கடலில் ஒரு வெள்ளைப் புள்ளி.

மச்சாதுவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"டீச்சர்."

"ம்."

"நீங்க எடுங்க."

"நான் எடுக்க மாட்டேன்."

"என் கை ஆடுது."

"ஆடி நிக்கட்டும். அவன் அங்கதான் கிடக்கான், எங்கயும் போகல."

தெருவில் ஒரு லாரி போனது. மேசை அதிர்ந்தது. பள்ளத்தில் கிடந்தவன் ஒரு நூலளவு உருண்டான். மச்சாது இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தூரிகையை மறுபடி ஈரமாக்கினார். ஏரியல் நூலுக்கு அடியில், அலைக்கு மேலே, மெல்ல மெல்ல இறக்கினார். நுனி தொட்டது. ஒட்டியது. தூக்கினார்.

"வந்துட்டான்" என்றார்.

"அடுத்தவரு" என்றார் ஜெபக்கனி.

ஒரு மணிக்கு மேல்தளம் காலியானது. ஆறு பேருக்குக் கால் போயிருந்தது. ஆனால் முப்பத்தொன்பது பேரும் டப்பாவுக்குள் இருந்தார்கள். மச்சாது எண்ணிப் பார்த்தார். மறுபடி எண்ணினார்.

ஒட்டாமல் ஒரு காகிதத்தில் வைத்திருந்த கடைசி ஆளைத் தூரிகை நுனியில் எடுத்தார். இவன் சட்டை வெள்ளை இல்லை. தலை முதல் கால்வரை நீலம்.

"இது?"

"லெஸ்லி."

"தம்பிக்கு என்ன வேலை?"

"எஞ்சின் ரூம்."

"அப்ப அவரு நல்ல காத்துலயும் மேல வந்து நிக்க மாட்டாரு."

"மாட்டான். வெயிலையே பார்க்கலப்பான்னு சொல்லுவான். கறுப்பா போனவன், லீவுக்கு வரும்போது வெளுத்துப் போய் வருவான்."

"டப்பாவுல விடுங்க."

"மாட்டேன்."

"அண்ணாச்சி."

"மத்தவங்களை எடுக்கச் சொன்னீங்க, எடுத்தேன். இவனை விட மாட்டேன்." மச்சாது எழுந்து நின்றுவிட்டார். தூரிகையை மட்டும் அசையாமல் பிடித்திருந்தார். "அவன் தெரியாத கப்பல் எனக்கு எதுக்கு டீச்சர்? ஆறு மாசமா கண்ணு எரிய எரிய ஒட்டுனேனே, எதுக்கு? வீட்டுக்கு வாரவன்கிட்ட எதைக் காட்டி என் மவன்னு சொல்லுவேன்?"

ஜெபக்கனி கப்பல் இருந்த பலகையை இரண்டு கையாலும் பிடித்து, பின்பக்கம் அவரைப் பார்க்கும்படி திருப்பினார். மேசை விளக்கை இழுத்துத் தாழ்த்தினார்.

"உக்காருங்க. பின்னாடி என்ன இருக்கு?"

"கடல்."

"முன்னாடி?"

"கடல்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

மச்சாது உட்கார்ந்தார். முன்னால் பார்த்தார். பின்னால் பார்த்தார். அலைகளை ஒவ்வொன்றாகத் தன் விரலால் வழித்துச் செய்தவர் அவர். முன்னாலும் அதே அலை. பின்னாலும் அதே அலை.

"ஒண்ணும் இல்ல."

"ஆமா" என்றார் ஜெபக்கனி. "நுரை இல்ல, கிழிச்ச தடம் இல்ல. இந்தக் கப்பல் ஓடல, அண்ணாச்சி. எஞ்சின் நின்னுபோய்ச் சும்மா மிதக்கு."



முப்பது வருடம் அவர் கிரேன் மேலிருந்து கப்பல் பார்த்தார். பக்கத்தில் பார்த்ததெல்லாம் கயிறு போட்டுக் கட்டி நிறுத்திய கப்பல்கள். அவற்றுக்கு முன்னால் கிடந்த தண்ணீரும் பின்னால் கிடந்த தண்ணீரும் ஒரே மாதிரிதான் இருந்தன. மூன்று நாளாக, கண்ணை மூடாமல், அவர் செய்தது அந்தத் தண்ணீரை.

"நான் அப்படி நெனைச்சுச் செய்யல" என்றார்.

"தெரியும்."

"சத்தியமா, டீச்சர்."

"தெரியும், அண்ணாச்சி."

வாயில் வைக்கும் பஞ்சுருளை ஒன்றை ஜெபக்கனி எடுத்தார். ஒரு கொத்தைப் பிய்த்து, இழை தெரியும் அளவுக்கு, நுரை மாதிரி, மெல்லிசாக இழுத்துக் காட்டினார். அதையும் வார்னிஷ் குப்பியையும் அவர் முன்னால் நகர்த்தி வைத்தார்.

மச்சாது பஞ்சைப் பார்த்தார். தூரிகை நுனியில் நின்ற நீலச் சட்டைக்காரனைப் பார்த்தார்.

"அப்ப இவனை எங்க வைக்க?"

ஜெபக்கனி ஊசி முனையால் கப்பலின் பின்பக்கத்தைத் தொட்டார். அங்கிருந்து அலைகளுக்கு மேலாக, பலகையின் விளிம்புவரை, ஒரு கோடு காட்டினார்.

"இங்க. பஞ்சு எவ்வளவு தூரம் வருமோ அவ்வளவு தூரம்."

மச்சாது தூரிகையை டப்பாவுக்குள் சாய்த்து அவனை இறக்கினார். பஞ்சை எடுத்து இழுக்க ஆரம்பித்தார்.

அடுத்த வாரம், டிசம்பர் 13, வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு வஜ்ரகேது தன் எஞ்சினிலேயே ஓடி விசாகப்பட்டினம் வந்து சேர்ந்தது. காயம்பட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் எஞ்சின் அறையில் வேலை பார்க்கும் லெஸ்லி மச்சாது; இடது முழங்கையில் எலும்பு முறிவு.