உப்புப் பார்த்த சவரிமுத்து

சிறுமலை அடிவாரத்தில் செல்லக்கனி என்றொரு பெண் சாப்பாட்டுக் கடை நடத்திவந்தாள். கேஸ் கிடையாது, விறகு அடுப்புதான். அன்றைக்கு மலையிலிருந்து இறங்கும் காய் எதுவோ, அதுதான் அன்றைய குழம்பு.

அவளிடம் சமையல் கற்க வந்து சேர்ந்தார் சவரிமுத்து. அவளைவிட வயதில் மூத்தவர். சென்னையில் பெரிய ஓட்டல் ஒன்றில் தலைமைச் சமையல்காரராக இருந்தவர். இவருக்கு இங்கே கற்க என்ன இருக்கிறது என்று பார்த்தவர்களெல்லாம் கேட்டார்கள்.

காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு காய்ச்சலோடு மணமும் ருசியும் அவரை விட்டுப் போயிருந்தன. ஓட்டலில் எல்லாவற்றையும் எடைபோட்டுச் சமைத்து எப்படியோ ஒப்பேற்றினார். விறகுப் புகை பட்டால் மூக்கு திறக்கும் என்று யாரோ சொல்ல, அந்த நம்பிக்கையில் கிளம்பி வந்துவிட்டார்.

மூக்கு திறக்கவில்லை. எடையும் இங்கே உதவவில்லை. நேற்று புளித்த மாங்காய் இன்று புளிக்கவில்லை என்றார்கள் சாப்பிட வந்தவர்கள். தீயும் ஒரே மாதிரி எரியவில்லை.

போதாததற்கு, செல்லக்கனி தினமும் அவரைத்தான் கூப்பிடுவாள்.

“அண்ணே, உப்பு சரியா இருக்கா?”

உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பார். வெறும் வெந்நீர் மாதிரி இருக்கும்.

“சரியா இருக்கும்மா.”

அவள் தலையாட்டிவிட்டு ஒரு கை உப்பை அள்ளிப் போடுவாள்.

மறுநாள், “கொஞ்சம் குறைச்சல்” என்பார். அவள் தலையாட்டிவிட்டுக் குழம்பை அப்படியே இறக்கிவிடுவாள்.

சவரிமுத்துவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தான் சொன்னது தப்பா? தப்பென்றால் ஏன் திட்டவில்லை? ஒருநாள் கேட்டேவிட்டார்.

“நான் சொல்றதை நீங்க காதுலயே போட்டுக்கறது இல்லையேம்மா?”

“கேட்டுக்கிட்டுதாண்ணே இருக்கேன்.”

“அப்புறம் ஏன்...”

“விறகை உள்ள தள்ளுங்க.”

அவருக்குக் குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

ஒருநாள், விறகு ஏற்றிவந்த வண்டி ஓடையில் சாய்ந்துவிட்டதென்று ஒருவன் ஓடிவந்து சொன்னான். செல்லக்கனி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள்.

“குழம்பை நீங்களே இறக்கிப் பரிமாறிடுங்கண்ணே!”

அடுப்பில் பலாக்கொட்டைக் குழம்பு கொதித்தது. அவள் உப்புப் போட்டாளா? சவரிமுத்து நக்கிப் பார்த்தார். வெந்நீர். ஒரு கை போட்டுக் கிளறினார். போதுமா? பயமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் போட்டார்.

முதல் பந்தியில் ஒரு தம்பதியும் அவர்களுடைய சின்ன மகளும் மட்டும் இருந்தார்கள். அந்தச் சின்னப்பெண் ஒரு வாய் வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். “பேசாம சாப்பிடு” என்றாள் அம்மா, மெதுவாக.

“தண்ணி குடுங்க” என்றார் அப்பா. குடித்துவிட்டு மறுபடியும் கேட்டார்.

“குழம்பு நல்லா இருக்கா சார்?”

“நல்லா இருக்குங்க” என்றார் அவர், இலையைப் பார்த்தபடி.

இன்னும் ஊற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் சவரிமுத்து கரண்டியோடு நின்றார். அந்தச் சின்னப்பெண் அழ ஆரம்பித்தாள்.

சேறும் சகதியுமாகச் செல்லக்கனி திரும்பி வந்தாள். குழம்பை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். இலைகளை எடுத்துவிட்டுப் புது இலை போட்டாள். சோறும் மோரும், தணலில் சுட்ட கிழங்கும் வைத்தாள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

அவர்கள் போன பிறகு சவரிமுத்து அடுப்பருகே உட்கார்ந்தார்.

“என் நாக்கு செத்துப்போச்சும்மா. இங்க வர்றதுக்கு முன்னாடியே.”

“தெரியும்ணே.”

“எப்ப இருந்து?”

“நீங்க வந்த அன்னைக்கே. உங்க முதுகுக்குப் பின்னால பால் தீஞ்சு நாறுச்சு. எல்லாரும் திரும்பினாங்க. நீங்க திரும்பல.”

“தெரிஞ்சேவா என்னைய உப்புப் பார்க்கச் சொன்னீங்க?”

“தெரியலன்னு ஒருநாளாவது சொல்வீங்கன்னு இருந்தேன்.”

“சொல்லியிருந்தா?”

“அன்னைக்கே அடுப்பை உங்ககிட்டக் குடுத்திருப்பேன்.”

“நாக்கு இல்லாதவன் எப்படிம்மா சமைக்கிறது?”

செல்லக்கனி அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

“எனக்கு நாக்கு இருக்கேண்ணே. கேட்டா சொல்ல மாட்டேனா?”